கட்டைவிரல் அகலம்

சிங்காரவேலு தன் மனைவி கோமளாவை உயிரோடு கடைசியாகப் பார்த்தது பிலோமினாவின் ஸ்கூட்டர் பின்சீட்டில். தைத்து முடித்த ஜாக்கெட்டுகளைக் கட்டைப்பையில் அடைத்து மடியில் வைத்துக்கொண்டு ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் மறந்துவிட்டுப்போன சாப்பாட்டுத் தூக்கை அவர்தான் மாடியிலிருந்து இறங்கிப்போய் நீட்டினார். "ரசம் சிந்தாதே?" என்றாள். "சிந்தாது, இறுக்கி மூடியிருக்கேன்" என்றார். "நீங்க இறுக்கினா தொறக்கச் சுத்தியல்தான் வேணும்" என்றாள். பிலோமினா சிரித்தாள், வண்டி ஒரு குலுக்கலோடு திரும்பியது. அன்றைக்கு மூன்று மணிவாக்கில் தையல் கூடத்தில் மிஷின்மேல் தலை சாய்த்தவள் எழுந்திருக்கவில்லை. அசந்து தூங்குகிறாள் என்று நினைத்து மற்றவர்கள் ரேடியோவைச் சத்தம் குறைத்து வைத்தார்களாம். அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஓடிவிட்டது. அந்தக் காலையை அவர் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறார். புடவையின் சாம்பல் நிறம் வருகிறது, ஓரத்துச் சிவப்பு வருகிறது, தூக்கின் கைப்பிடியில் கழன்றிருந்த ஆணி கூட வருகிறது. தூக்கை வாங்கிக்கொண்ட கை மட்டும் வருவதில்லை. கை இருக்க வேண்டிய இடத்தில் தூக்கு தானாக நகர்ந்து அவள் மடிக்குப் போகிறது.

இன்றைக்கு அந்தக் கைதான் வேண்டியிருந்தது. அதிலும் கட்டைவிரல். மடிக்கணினியில் கோப்பைத் திறந்து வைத்து ஒரு வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அகலம், சமக்குறி, நூற்று முப்பத்திரண்டு பிக்ஸல். அதை மாற்ற வேண்டும். மத்தியானம் பிலோமினா புதுப் போனோடு வருவாள், அதற்குள் மாற்றிவிடுவதாகச் சொல்லியிருந்தார். நேற்று போனில் அவள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருந்தது. "அண்ணே, உங்க ஆப்பு என்னைக் கொல்லுது. இந்தப் போனுல பட்டன் எல்லாம் கொசு மாதிரி இருக்கு. ரத்து பட்டனை அமுக்கப் போய் ரெடியை அமுக்கிட்டேன், இன்னும் துணியே வெட்டலை, கல்யாணப் பொண்ணோட அம்மா ஆட்டோ பிடிச்சு வந்து நிக்கிறா. அந்தம்மா கேட்ட கேள்விக்கு நான் ஞாயித்துக்கிழமை பாவமன்னிப்புல எதைச் சொல்றது, எதை விடுறது?" தையல் கூடத்துப் பெண்கள் இன்னும் அந்தச் செயலியைத்தான் வைத்திருந்தார்கள். ஜாக்கெட் தைத்து முடிந்ததும் பச்சைப் பொத்தானை அமுக்கினால் வாடிக்கையாளருக்குச் செய்தி போகும். அவ்வளவுதான் அதன் வேலை. அவர் எழுதிய முதல் கைபேசிச் செயலி அது, கோமளாவுக்காக எழுதியது. மாற்றுவதற்கு ஒரு நிமிஷம் போதும். பிக்ஸலை அழித்துவிட்டு, எந்தப் போனிலும் ஏறக்குறைய ஒரே அகலமாக நிற்கும் டிபி என்கிற அளவைப் போட்டு, நாற்பத்தெட்டு என்று எழுத வேண்டும். உலகம் முழுக்க எல்லார் விரலுக்கும் பொருந்தும் என்று பெரியவர்கள் சொல்லிவைத்த எண் அது. ஆனால் காலையில் காப்பி ஆறி ஆடை கட்டியதிலிருந்து அவர் அந்த வரியைவிட்டு நகரவில்லை. நூற்று முப்பத்திரண்டு யாரும் சொல்லிவைத்த எண் இல்லை. அது கோமளாவின் கட்டைவிரல்.

அப்போது அவர் இதையெல்லாம் தானாகவே படித்துக்கொண்டிருந்த காலம். அச்சகத்தில் எழுத்துக் கோத்துப் பக்கம் கட்டும் வேலையில் இருந்தவர், அச்சகம் மூடியபின் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தடவித் தடவிப் படித்தார். பட்டன் எவ்வளவு பெரிசு வேணும் என்று கோமளாவிடம் கேட்டார். அவள் அடுப்படியிலிருந்து வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, போன் திரைமேல் கட்டைவிரலைப் படுக்க வைத்தாள். "இவ்வளவு." நூறு வைத்துப் பார்த்தார், விரல் மூடிக்கொண்டது. நூற்றைம்பது வைத்தார், "இது என்ன, சாப்பாட்டுத் தட்டா?" என்றாள். மறுபடி வை, கொஞ்சம் நகர்த்து, இன்னொரு தடவை வை என்று நூற்று முப்பத்திரண்டில் வந்து நின்றது. விரலைச் சுற்றி ஒரு நூல் கனத்துக்குப் பச்சை தெரிந்தது. "போதும், நிறுத்துங்க, பால் பொங்குது" என்று போய்விட்டாள். எண்ணைப் பிடித்துவிட்டோம் என்று அவர் நினைத்தார். பிக்ஸல் ஒரு நீளம் இல்லை என்று அப்போது அவருக்குத் தெரியாது. அச்சகத்தில் பாயிண்ட் என்றால் பாயிண்ட்தான், அங்குலத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு, கல்யாணப் பத்திரிகையிலும் அதுவே, கருமாதிப் பத்திரிகையிலும் அதுவே. பிக்ஸல் அப்படி இல்லை. அது ஒரு புள்ளி, அவ்வளவுதான். ஒரு போனில் அங்குலத்துக்கு இருநூற்று நாற்பது புள்ளி, இன்னொன்றில் முன்னூற்று இருபது, பிலோமினாவின் புதுப் போனில் அதற்கும் மேலே. புள்ளி நெருங்க நெருங்க அதே நூற்று முப்பத்திரண்டு சுருங்கிக்கொண்டே போகிறது. சாலையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிச் சாலையின் நீளம் சொன்னது போல. சும்மா நிற்கிறார்களா, தேர் பார்க்க நெருக்கியடித்து நிற்கிறார்களா என்று தெரியாமல் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவள் விரலை அவர் எண்ணி வைத்திருந்தார். அளந்து வைக்கவில்லை.

குக்கர் சத்தம் போட்டது. எத்தனையாவது என்று தெரியவில்லை, எழுந்துபோய் அணைத்தார். கீழே தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். வரகனேரிக்கு அவர் வந்த நாளிலிருந்து அந்தத் தெருவை யாராவது தோண்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சன்னல் கம்பி அதிர்ந்தது, தண்ணீர்ப் பானையில் வட்டம் வட்டமாக அலை போனது. இதைக் கோமளாவிடம் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? அளவு ஜாக்கெட் கொண்டா என்றிருப்பாள். டேப்பை அவள் நம்பமாட்டாள். டேப் வைத்து அளந்தால் பொம்பளைங்க மூச்சைப் பிடிச்சுக்குவாங்க, போட்டுப் பழகின ஜாக்கெட்டுதான் பொய் சொல்லாது என்பாள். ஒவ்வொருத்தியும் தனக்குச் சரியாக இருக்கிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பாள், அதை வைத்துப் புதியது வெட்டுவாள். இதைவிடக் கைக்கு ஒரு விரல் லூஸ், கழுத்து ஒரு விரல் இறக்கம். ஒரே ஒரு தடவைதான் அந்த வழி அவளைக் கவிழ்த்தது. டீச்சர் ஒருத்தி. ஒவ்வொரு தடவையும் போன தடவை தைத்ததையே அளவுக்குக் கொடுத்து, "இதைவிட லேசா பிடிச்சாப்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஏழெட்டு ஜாக்கெட் கழித்து ஒருநாள் கூடத்துக்கே வந்து, "என்னை மூச்சு முட்டிச் சாகடிக்கப் பார்க்கிறியா?" என்று சண்டை. கோமளா சளைக்கவில்லை. "முதல்ல தச்சது இருக்கா டீச்சர்? அதை எடுத்தாங்க" என்றாள். அதே வாரத்தில்தான் அவரும் அதே தப்பில் மாட்டியிருந்தார். பழைய அச்சக முதலாளிக்கு ஒரு இணையப் பக்கம் போட்டுக் கொடுத்தார். எழுத்தின் அளவை 'எம்' என்கிற கணக்கில் வைத்தார். தன்னைச் சுற்றியிருக்கிற எழுத்தில் பத்தில் ஒன்பது பங்கு என்று. பட்டியலுக்குள் பட்டியல், அதற்குள் இன்னொன்று. ஒவ்வொன்றும் தனக்கு மேலே இருப்பதில் பத்தில் ஒன்பது என்று எடுத்துக்கொண்டு போக, கடைசியில் இருந்த வரி எறும்பு வரிசையாகிவிட்டது. முதலாளி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். வீட்டுக்கு வந்து கோமளாவிடம் விளக்கியபோது அவள் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு சிரித்தாள். "உங்க கம்ப்யூட்டரும் டீச்சர் மாதிரிதானா? முதல் ஜாக்கெட்டைக் கேக்க வேண்டியதுதானே?" கேட்கலாம், அதற்கும் ஒரு அளவு இருந்தது. ரெம் என்று பெயர். நடுவில் இருப்பது எதையும் பார்க்காமல் நேரே முதல் அளவுக்குப் போய் நிற்கும். அதை எடுத்துக்கொடுத்தது அவள்தான் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு யாரும் கேட்டதும் இல்லை.

முதல் ஜாக்கெட். இங்கே முதல் ஜாக்கெட், அவள் விரல் வைத்துக் காட்டிய அந்தப் பழைய போன். அது இருந்தால் போதும், புள்ளி நெருக்கத்தைப் பார்த்து வகுத்தால் விரல் வந்துவிடும். அது இல்லை. கோமளா இறந்த வருஷமே, இருப்பதைக் கொடுத்துப் புதியது வாங்கும் திட்டத்தில் மகள் ஹேமலதா அதைக் கொடுத்து அவருக்கு இப்போதுள்ள போனை வாங்கித் தந்தாள். அவரும் தலையாட்டினார். அப்போது அது ஒரு போன் மட்டும்தான். காலையில் ஓசூருக்குக் கூப்பிட்டுக் கேட்டார். "அப்பா, அது நீலக் கலர். வேற என்ன தெரியும் எனக்கு? இப்ப எதுக்கு அந்த மாடல்?" என்றாள். "சும்மாதான்." "சும்மான்னா பத்து மணிக்கு ஆபீஸ் நேரத்துல கூப்பிடுவீங்களா? சாப்பிட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா?" அந்தக் குரலில் இருந்த பயம் அவருக்குப் புரிந்தது. அப்பாவுக்கு ஏதோ கழல ஆரம்பித்துவிட்டதோ என்கிற பயம். அதற்கப்புறம் விரலைப் பற்றிச் சொல்ல முடியுமா? பில்லைத் தேடினார், இல்லை. இணையத்தில் தேடியபோது அந்தக் கம்பெனி அந்த வருஷம் நீலத்தில் இரண்டு போன் விட்டிருந்தது. படத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளை மாதிரி இருந்தன. ஒன்று இருநூற்று நாற்பது, மற்றது முன்னூற்று இருபது. வகுத்துப் பார்த்தார். முதல் கணக்கில் பதினான்கு மில்லிமீட்டர் வந்தது, அடுத்ததில் பத்தரை. நடுவில் மூன்றரை மில்லிமீட்டர். இரண்டில் எது என்று தனக்குத் தெரியும் என்றுதான் முதலில் நினைத்தார். பிடித்த கை அது. தாலி கட்டிய அன்று வியர்த்து வழுக்கிய கை, ஹேமா பிறந்தபோது அவர் மணிக்கட்டில் நகம் பதிய இறுக்கிய கை, சினிமாக் கொட்டகை இருட்டில் மெல்ல இழுத்துக்கொண்ட கை, காய்ச்சல் நேரத்தில் நெற்றியில் சுண்ணாம்புக்கட்டி வாசனையோடு வந்து உட்கார்ந்த கை. இத்தனையும் இருக்கிறதே, பதினான்கா பத்தரையா?

காலண்டர் அட்டையை எடுத்து இரண்டு துண்டு வெட்டினார். ஒன்று பதினான்கு அகலம், ஒன்று பத்தரை. கண்ணை மூடிக்கொண்டு பெரியதை உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கினார். இதுதான் என்று தோன்றியது. சின்னதை வைத்தார். இதுதான் என்று தோன்றியது. அட்டையின் முனை குத்தியது. அவள் விரல் குத்தாது, ஆனால் சொரசொரக்கும், அது ஞாபகம் இருக்கிறது. சொரசொரப்பு அகலத்தைச் சொல்வதில்லை. மறுபடி பெரியது. குண்டான விரலா அவளுக்கு? வளையல் கடைக்காரன் சோப்புப் போடாமல் வளையல் ஏற்றிவிடுவான், அப்படியானால் ஒடுங்கிய கை, பத்தரை. ஆனால் ஒடுங்கிய கைக்கு ஒடுங்கிய கட்டைவிரல்தான் இருக்க வேண்டுமா? கத்தரி பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் மட்டும் பட்டையாகிப் போயிருந்தால், பதினான்கு. கண்ணைத் திறந்தபோது உள்ளங்கையில் எந்தத் துண்டு இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. அப்போதுதான் நிஜமான பயம் வந்தது. விரல் போனால் அடுத்தது என்ன போகும்? முகத்துக்குப் படம் இருக்கிறது, குரலுக்கு ஹேமாவின் கல்யாண வீடியோ இருக்கிறது. படத்திலும் வீடியோவிலும் இல்லாதது இனி அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. அவரோ புள்ளிகளை எண்ணிவிட்டு இடைவெளியைத் தொலைத்தவர். டிபி என்று மாற்றிவிட்டால் அந்த எண்ணும் போய்விடும். மாற்றாவிட்டால் கூடத்துப் பெண்கள் துணி வெட்டுமுன் கல்யாண வீட்டுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பார்கள். எழுத்துகளை மட்டும் முதலில் மாற்றினார். அதில் தயக்கம் வரவில்லை. எஸ்பி என்று போட்டார், படிக்கிறவர் தன் போனில் எழுத்தைப் பெரிதாக வைத்திருந்தால் தானும் பெரிதாகிக்கொள்ளும் அளவு அது, கண்ணுக்கு விட்டுக்கொடுக்கிற அளவு. பொத்தான் வரியில் வந்து மறுபடி கை நின்றது. தெருவில் தோண்டுகிற மிஷின் நின்று, எல்லாரும் சாப்பிடப் போனது போன்ற அமைதி.

"அண்ணே, உள்ள வரலாமா, கம்ப்யூட்டரோட குடும்பம் நடத்திட்டிருக்கீங்களா?" பிலோமினா செருப்பை உதறிவிட்டு வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், கோமளாவுக்குப் பிறகு கூடத்தை நடத்துகிறவள். தோளில் கட்டைப்பை, கையில் புதுப் போன். "முடிஞ்சுதா? சீக்கிரம் போடுங்க, இன்னைக்கு அஞ்சு டெலிவரி. நேத்து வந்த அந்தம்மா இன்னைக்கு மாப்பிள்ளை வீட்டையும் கூட்டியாருமோன்னு பயந்து கிடக்கேன்." சிங்காரவேலு எழுந்து நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், அப்புறம் தான் கேட்கப்போவது தனக்கே கேட்கும் முன்னால் கேட்டுவிட்டார். "பிலோமினா, கோமளா கட்டைவிரல் எவ்வளவு அகலம் இருக்கும்?" அவள் குடித்துக்கொண்டிருந்த சொம்பை இறக்கினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "எதுக்குண்ணே?" "பட்டனுக்கு. அவ விரலை வச்சுத்தான் அந்த அளவு போட்டேன். இப்ப மாத்தணும்னா சரியா எவ்வளவுன்னு தெரியணும். இதுவா, இதுவா?" அட்டைத் துண்டுகளை மேசையில் வைத்தார். வைத்தபிறகு அவை இரண்டும் அற்பமாகத் தெரிந்தன. பிலோமினா ஒன்றை எடுத்தாள், மற்றதை எடுத்தாள், தையல்காரியின் கண்ணால் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். "எதுன்னு சொல்லத் தெரியலண்ணே. ஆனா அக்கா கட்டைவிரலால அமுக்குனதே கிடையாதே?"

"கிடையாதா?" "ஊசி குத்திக் குத்தி, சாக்பீசு அப்பி, அக்கா விரல் நுனி எல்லாம் செத்துப்போச்சு. தொட்டா அந்தப் போனுக்கு உறைக்காது. ஒருதரம் ரெண்டுதரம் அமுக்கிப் பாத்துட்டு விட்டாங்க. அப்புறம் இப்படித்தான்." நடுவிரலை மடக்கி, மொளியால் மேசைமேல் டொக் என்று தட்டிக்காட்டினாள். "கதவு தட்டுற மாதிரி. 'யாரும்மா வீட்டுல? ஜாக்கெட்டு ரெடி'ம்பாங்க. தட்டும்போதெல்லாம் சொல்லுவாங்க. நாங்க பின்னாடி கோரஸ் குடுப்போம். கூடமே ஒரே கும்மாளம்." சிங்காரவேலு அவள் மடக்கிய விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்கிட்ட சொல்லவே இல்லையே?" "சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க? ராத்திரி பகலா உக்காந்து வேற ஆப்பு எழுதியிருப்பீங்க. பாவம், ஆசையா விரலை வைன்னாரு, வச்சேன்னு சொன்னாங்க. அளவு கேட்டா தையல்காரி விரலைத்தானே வைப்பா, அண்ணே?" சொல்லிவிட்டு, சொன்னது அவரை எங்காவது குத்திவிட்டதோ என்று பார்த்தாள். குத்தியதா என்று அவருக்கே பிடிபடவில்லை. காலையெல்லாம் ஒரு விரலைத் தேடி அலைந்திருக்கிறார், அது கூடத்தில் ஒரு நாளும் வேலைக்குப் போகாத விரல். வேலைக்குப் போன விரலை அவர் பார்த்ததே இல்லை. அவருக்குத் தெரியாத ஒரு கோமளா, ஒவ்வொரு நாளும் அவர் எழுதியதன்மேல் கதவு தட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, பின்னால் நாலு பெண்கள் கோரஸ் பாட. "யாரும்மா வீட்டுல" என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அவள் குரலில் வந்தது. இதுவரை கேட்டிராத ஒன்று அவள் குரலில் எப்படி வருகிறது என்று ஆச்சரியமாக இருந்தது, அது வந்துகொண்டிருக்கும்போதே மேசைக்குத் திரும்பினார்.

நூற்று முப்பத்திரண்டை அழித்தார். நாற்பத்தெட்டு, டிபி. மேலேயுள்ள ரத்து பொத்தானைப் பச்சையிலிருந்து நன்றாக விலக்கி வைத்தார், அதுவும் டிபி. பிலோமினாவின் போனை இணைத்து இயக்கினார். மடிக்கணினி பழையது, முனகி முனகி வேலை செய்தது. பிலோமினா, "அண்ணே, குக்கர்ல சோறு இருக்கா? காலையில ஒரு இட்லிதான்" என்று அவர் பதிலுக்குக் காத்திராமல் அடுப்படிக்குப் போனாள். "ரசம் இருக்கு, மூடி இறுக்கமா இருக்கும்" என்றார். "உங்க மூடியைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. போனில் செயலி ஏறித் திறந்தது. எழுத்துகள் பெரிதாக இருந்தன, அவள் தன் போனில் வைத்திருந்த பெரிய அளவுக்கு. பச்சைப் பொத்தான் அவர் கட்டைவிரலுக்குச் சரியாக இருந்தது. நடுவிரலை மடக்கி, திரையில் படாமல், மேலே காற்றில் ஒரு தடவை தட்டினார்.

நாற்காலியில் பிலோமினா இறக்கி வைத்த கட்டைப்பை சரிந்து, உள்ளே இருந்தவை விளிம்புக்கு வந்திருந்தன. புதுத் துணிகளோடு சுற்றிக் கட்டிய அளவு ஜாக்கெட்டுகள், ஒவ்வொன்றிலும் குத்தூசியில் ஒரு பெயர்ச் சீட்டு. விழுந்துவிடாமல் அடுக்கி வைக்க ஒவ்வொன்றாக எடுத்தார். வெளுத்துப்போன அரக்கு ஜாக்கெட் ஒன்றின் கொக்கிப் பட்டியில் கடைசிக் கொக்கி மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. குனிந்து நிமிர்ந்தாலும் அவிழாமல் இருக்கக் கோமளா அப்படித்தான் தைப்பாள், கூடத்தில் வேறு யாரும் அப்படித் தைப்பதில்லை. "பிலோமினா, இதெல்லாம் இன்னும் அளவுக்கு வருதா?" என்றார். வாயில் சோற்றோடு பதில் வந்தது. "பின்ன? வாங்கிட்டுப் போறப்ப எண்ணிக் கேப்பாளுக. புதுசு தொலைஞ்சாக்கூட விட்டுருவாங்க, அதைத் தொலைச்சா நம்மளைத் தொலைச்சிருவாங்க." மீதியையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பையில் ஒன்பது அளவு ஜாக்கெட்டுகள் இருந்தன. நான்கு கோமளா தைத்தவை.